காலையில் இரண்டு சொம்பு, மாலையில் ஒரு குண்டான்

பிரபு,

நீ போட்ட ரயில் டிக்கெட்டைப் பக்கத்து வீட்டு மஞ்சுளா பாப்பாரப்பட்டியில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே ஒரு பெயர், என்னுடையது. வெள்ளிக்கிழமை சேலத்தில் ஏறி மறுநாள் ஹைதராபாத்தில் இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரிக்குக் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து வாங்கியிருக்கிறாய். திரும்பி வர டிக்கெட் இல்லை, அது மறதியில் விட்டுப்போனதும் இல்லை. "அம்மா, இனிமே நீ இங்கயே இருந்துடு. ரம்யாவுக்கு இது ஆறாம் மாசம். அந்த மனுஷன் அங்க கோழிங்களோட இருக்கட்டும்" என்று போனில் சொன்னாய். அந்த மனுஷன் என்று நீ சொன்னது உன் அப்பாவை. நானும் வாயை மூடிக்கொண்டு "சரி கண்ணு" என்றேன். அந்தச் "சரி"யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், அழுதால் நியாயம் என் பக்கம் இருப்பதாக உனக்குத் தோன்றிவிடும். இத்தனை நாள் அப்படித்தான் நடந்தது. சத்துணவு மையத்தில் முப்பது வருஷம் பதிவேடு எழுதிய கை இது. எழுத்தில் பொய் எழுத இந்தக் கைக்குப் பயம் உண்டு. வாய்க்கு அந்தப் பயம் இருந்ததே இல்லை. படித்துவிட்டு ரம்யாவுக்கும் படித்துக் காட்டு. ஒளித்து வைக்க இதில் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதலில் கோழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்குப் புத்தி வந்தது அங்கேதான். பொங்கலுக்கு நீங்கள் இருவரும் வந்தபோது ரம்யா தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கும் தன் அம்மா வீட்டிலிருந்து இரண்டு கூடையில், முட்டைக்கு வரும் பருவத்தில் இருந்த பன்னிரண்டு விடைக் கோழிகள் கொண்டுவந்தாள். "எங்க வூட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது" என்று ஒரு காலத்தில் போனில் அவளிடம் சொன்னவள் நான். வேறு சாதி, வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள், அது மட்டும்தான் அவள்மேல் எனக்கிருந்த குறை. அவள் அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் கோழிக்கூடையோடு வந்து நின்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்ததால் உள்ளே வரச் சொன்னேன். அதற்குமேல் எனக்குப் பெருந்தன்மை இருந்ததாக நினைத்துவிடாதே. அன்று சாயங்காலம் அவள் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கழுவி வைத்துக்கொண்டு தீவனம் புளிக்கவைப்பது எப்படி என்று எனக்குக் காட்டினாள். சோளக் குருணை, கம்பு, கேழ்வரகு, தவிடு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு. மேலே இரண்டு விரல் நிற்கிற அளவு தண்ணீர் ஊற்றி, தினம் இரண்டு தரம் கிண்டிவிட்டால், மூன்றாம் நாள் நுரை கட்டிப் பழைய சோற்றுத் தண்ணீர் வாசனை வரும். அந்த வாசனை வந்தால் போடலாம், பூசணம் பூத்தால் கொட்டிவிட வேண்டும். "ஊறினத பாத்து அளக்காதீங்க அத்தை. ஊறப் போடறதுக்கு முன்னால அளந்துக்கங்க. வெளிய மேயற கோழிக்கு ஒண்ணுக்கு அறுபது கிராம் போதும். ஊறினா ரெண்டு பங்கா தெரியும், அது தண்ணி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் அரிசி அளந்து போட்டவளுக்கு இவள் அளவு சொல்கிறாளே என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னது அத்தனையும் சரி. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ ஊருக்குப் போன பிறகு ஒரு காரியம் செய்தாய். நல்ல மனதோடுதான் செய்தாய். என்னைச் சாயங்காலம் கூப்பிட்டு, "அப்பா மறந்துடுவாரும்மா, கோழித் தீனிய நீயே பாத்துக்க" என்றாய். அவரைக் காலையில் கூப்பிட்டு, "அம்மாவால குனிய முடியல, நீங்களே போட்டுடுங்கப்பா" என்றாய். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்று உனக்குத் தெரியும். அதனால் இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டால் எப்படியும் யாராவது ஒருவர் போட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பாய். இரண்டு பேருமே போட்டோம். ஒரே வீட்டில், ஒரே கோழிகளுக்கு, ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் முழு அளவு போட்டோம். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் இப்போது எழுதும்போது லேசாகச் சிரிப்பு வந்தது, உடனே நின்றுவிட்டது.

என் வாளி அடுப்படிக்குப் பின்னால் இருந்தது. சாயங்காலம் உன் அப்பா டீக்கடைக்குப் போன பிறகு, கோழிகள் அடைய வரும் நேரத்தில், ஒரு குண்டான் நிறைய வடிகட்டிப் போடுவேன். அவருடைய வாளி கிணற்றடி மோட்டார் ரூமில் இருந்திருக்கிறது. என் முழங்காலோடு நான் அவ்வளவு தூரம் போவதில்லை. விடிந்ததும் அவர் மோட்டார் போடக் கிளம்பினால் பன்னிரண்டும் அவர் பின்னாலேயே ஓடும். மேய்ச்சலுக்குப் போகின்றன என்று நினைத்தேன். சாயங்காலம் அடைக்கும்போது கழுத்துக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் நான் தீனி வைப்பதற்கு முன்பே இரைப்பை கெட்டியாக இருக்கும். பூச்சி புழு நிறையத் தின்றிருக்கிறது, நல்ல கோழி என்று மெச்சிக்கொண்டேன். வைத்த தீனியைப் பாதி விட்டுவிடும். ருசி போதவில்லையோ என்று புண்ணாக்கைக் கூடப் போட்டேன். முப்பது வருஷம் அளந்தவளின் லட்சணம் இது. கோழிகள் வாத்து மாதிரி அசைந்து அசைந்து நடந்தன, முட்டை ஏழெட்டிலிருந்து ஒன்றிரண்டுக்கு வந்தது, எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பங்குனி வெயிலில் முதல் கோழி முருங்கை மரத்தடியில் விழுந்து செத்தது. அதே வாரத்தில் இன்னொன்று. இரண்டாவதைப் பையில் போட்டுக்கொண்டு பாப்பாரப்பட்டிக் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா சின்னப் பெண், நம் ரம்யா வயதுதான் இருக்கும். அறுத்துக் காட்டினாள். வயிறு முழுக்க மஞ்சள் கொழுப்பு. ஈரல் தொட்டால் பொடிந்தது. "நோய் எதுவும் இல்லைம்மா. தீனிதான் ஜாஸ்தி. ரெண்டு வூட்ல விருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கு. யார் யார் தீனி போடறீங்க?" என்று கேட்டாள். "நான் மட்டுந்தான்" என்றேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன். பாதியாகக் குறைக்கச் சொன்னாள். அன்றே பாதியாகக் குறைத்தேன்.

இனிமேல் நடந்ததைப் பொறுமையாகப் படி. நான் சாயங்காலம் பாதியாகக் குறைத்ததை உன் அப்பா டீக்கடையிலிருந்து வந்து தொட்டியைப் பார்த்துக் கவனித்திருக்கிறார், இதெல்லாம் பிற்பாடு அவரே சொன்னது. அவருக்கு அது தீவனம் என்றே தெரியாது. ஏதோ காய்த்தோலும் கஞ்சித் தண்ணீரும் கொட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார். ரம்யா மேலிருக்கும் கோபத்தில் அதையும் இவள் குறைக்கிறாள், பாவம் வாயில்லாத ஜீவன் என்று காலையில் அவர் பங்கைக் கூட்டிவிட்டார். நான் குறைக்கக் குறைக்க அவர் கூட்டினார். கோழி இளைக்கவே இல்லை. தராசை வைத்து அறுபது கிராம், முப்பது கிராம் என்று நிறுத்து நிறுத்துப் பார்த்தேன். போட்ட தீனிக்கும் கோழி இருந்த கனத்துக்கும் பொருந்தவே இல்லை. மூன்றாவது கோழியும் செத்தது.

உனக்கு ஒன்று நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நீ ஐந்தாவது படிக்கும்போது என் மையத்தில்தான் சாப்பிட்டாய். அமைப்பாளர் பிள்ளைக்கு அள்ளிப் போடுகிறாள் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்று உன் தட்டில் மட்டும் ஒரு கரண்டி குறைத்தே போடுவேன். எவ்வளவு நியாயமானவள் என்று எனக்கே என்மேல் பெருமை. நீ ஒரு நாளும் இன்னொரு கரண்டி கேட்டதில்லை. சாயங்காலம் உன் அப்பா டிரைவர் டியூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி உன்னைக் கூட்டிக்கொண்டு போய் பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்தார் என்பது டீக்கடைக்காரர் ஒரு நாள் வாய்தவறிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கும் நான் அவரிடம்தான் சண்டை போட்டேன். நான் குறைப்பேன், அவர் பின்னால் வந்து எனக்குத் தெரியாமல் நிரப்புவார். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியிருக்கிறது.

இரண்டு வருஷம் முன்பு உன் கல்யாணத்திலும் அதேதான். நான் செத்தாலும் வரமாட்டேன் என்றேன். கூட வேலை பார்த்த ஒருவருக்கு ஓசூரில் கண் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அங்கே ரிஜிஸ்டர் ஆபீஸில் உனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ராத்திரி ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து களி சாப்பிட்டார். மூன்று வாரம் கழித்து மஞ்சுளா போனில் ஸ்டேட்டஸ் காட்டினாள். மாலையும் கழுத்துமாக நீங்கள் இருவரும், பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் உன் அப்பா. வந்ததும் கேட்டேன். "சொல்லாம போனது தப்புதான். ஆனா போனது தப்பில்ல" என்றார். அதுதான் நான் அவருக்குக் காது கொடுத்த கடைசிப் பேச்சு.

பேச்சை நிறுத்தியது நான், பிரபு. அவர் இல்லை. இதை இன்னொரு தரம் வேண்டுமானாலும் எழுதுகிறேன், பேச்சை நிறுத்தியது நான்தான். நாலு மாதம் அவர் விடாமல் பேசினார். சாப்பிட்டியா என்பார், மாத்திரை போட்டியா என்பார், கரண்ட் போச்சே என்பார். நான் பாத்திரத்தை ணங்கென்று வைப்பேன். ஒரு நாள் அவரும் நிறுத்திவிட்டார். அதன்பிறகு நீ எப்போது கேட்டாலும், சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும், "அவர் என்கிட்ட பேசறதில்ல" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்து உச் கொட்டினார்கள். அது எனக்கு இதமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது கோழி செத்த அன்று நீ போன் செய்து அப்பாவிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னாய். "உங்கப்பா எங்க வாயத் தொறக்கறாரு" என்று சொல்லி மூக்கைச் சிந்தினேன். உடனே நீ அவரைக் கூப்பிட்டாய். அவர் வாசலில் நாற்காலியில் இருந்தார், நான் உள்ளே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். நீ பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவர் பேசியது கேட்டது. "சரிப்பா... சரிப்பா... ஆமாப்பா, என் தப்புதான்... நீ சொல்றது சரிதான்... சரி, கூப்பிட வேணாம், நீ வேலையப் பாருப்பா." அவ்வளவுதான். எழுந்து போய் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் எழுந்திருக்கவில்லை. அவரைக்காயைத் தொடர்ந்து உரித்தேன். அதன்பிறகு நீ அவருக்குப் போன் செய்யவில்லை. தினம் நீ வழக்கமாகக் கூப்பிடும் காலை ஆறரைக்கு அவர் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஏழு மணிக்குத் திரும்பப் பைக்குள் போடுவார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி போய்க் கேட்டபோது டாக்டரம்மா சொன்னபடி எச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, ஒரு நாள் காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் கூண்டிலேயே வைத்தேன். குளியலறைச் சுவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது உன் அப்பா மோட்டார் ரூம் பக்கமிருந்து வந்தார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் சொம்பு. அவர் அருகில் வந்ததுமே அந்தப் புளித்த வாசனை வந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதற்குள் அவர் பேச ஆரம்பித்தார். கோழிகளிடம். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காத குரல் அங்கே கடகடவென்று பேசியது. "என்னாங்கடி, பூட்டிப் போட்டுட்டாளா? இருங்க இருங்க, எங்கயும் போயிடாது. அவளுக்கு உங்க மேல கோவம் இல்லடி, என் மேலதான். பையன் இன்னைக்கும் கூப்பிடல. இந்த இடது கண்ணு நேத்துலருந்து சுத்தமா தெரியல, பாத்துக்கங்க. வூட்ல சொன்னா பயந்துக்குவா." அப்படிச் சொல்லிக்கொண்டே தீவனத்தை ஊற்றினார். பாதி தொட்டியில் விழுந்தது, பாதி வெளியே மண்ணில் விழுந்தது. மண்ணில் விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. தொட்டி நிறையவில்லை என்று இன்னொரு சொம்பு ஊற்றினார்.

அப்போதே நான் போய்க் கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தம் போடாமல் உள்ளே வந்துவிட்டேன். முதலில் அவர் வந்து என்னிடம் சொல்லட்டும், கண் தெரியாதவர் என்னிடம்தானே வந்தாக வேண்டும் என்று தோன்றியது. இப்படி ஒரு எண்ணம் ஒரு மனுஷிக்கு வருமா என்று கேட்பாய். வந்தது. தீனிக்கு மட்டும் பேசாமலே ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் போடுகிறாரே, நான் நிறுத்திவிட்டால் அளவு சரியாகிவிடும் என்று என் குண்டானைக் கழுவிக் கவிழ்த்தேன். சாயங்காலத் தீனி அடியோடு நின்றதைப் பார்த்து அவர் காலையில் இன்னும் கூட்டினார். ஒன்பது நாளில் மூன்று கோழி செத்தன. ஒன்பது நாள் ஒரு மனுஷர் ஒற்றைக் கண்ணோடு கிணற்று மேட்டில் நடந்து போய் வந்தார், நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் செத்த கோழியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. போய் நின்று, "காலைல எவ்வளவு போடறீங்க?" என்று கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். அதை என்னால் மறக்க முடியாது.

"ரெண்டு சொம்பு" என்றார். பிறகு, "சில நாளு மூணு. நீ?"

"சாயங்காலம் ஒரு குண்டான். இப்ப ஒம்பது நாளா போடல."

"அது காய்த்தோலு இல்லையா?"

"உங்க மருமவ சொல்லிக் குடுத்த தீவனந்தான்."

அவர் கையிலிருந்த கோழியைக் கீழே வைத்தார். "அப்ப நாம ரெண்டு பேருந்தான்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.

அன்று மத்தியானம் தராசை நடுவில் வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மிச்சம் ஆறு கோழி. ஒன்றுக்கு அறுபது வீதம் முந்நூற்று அறுபது கிராம் உலர்ந்த தீனி. கொழுப்பு இறங்கும்வரை அதிலும் ஒரு பிடி குறைவாக. மூன்று நாள் புளிக்க வேண்டும் என்பதால் மூன்று டப்பா, தினம் ஒன்று காலியாகும், ஒன்று புதிதாக ஊறும். அவர் அள்ளிக் கொட்டினார், முள்ளை நான் பார்த்தேன். ஊறி வடிந்த பிறகு எத்தனை சொம்பு வருகிறது என்று பார்த்து, அதில் பாதி காலையில் அவர், பாதி மாலையில் நான். கால் மணி நேரத்தில் தின்று முடித்தால் அளவு சரி, மிச்சம் வைத்தால் மறுநாள் குறை. ரம்யா முதல் நாளே சொன்னது இவ்வளவுதான். இரண்டு பேர் ஒருத்தரையொருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பன்னிரண்டும் இருந்திருக்கும். அவளிடம் சொல், அவள் அம்மா வீட்டுக் கோழியில் பாதியை நான் என் வீம்பால் கொன்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்கிறேன். வாசப்படி பற்றி அன்று சொன்னதற்கும் சேர்த்துத்தான்.

மறுநாளே அவரைத் தருமபுரிக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டதாம். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. தினம் மூன்று வேளை சொட்டு மருந்து விட்டால் அதைக் காப்பாற்றி வைக்கலாம், ஒரு நாளும் தவறக் கூடாது என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னால வந்திருக்கலாமே" என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்பதுதான் என்று உன் அப்பா வெளியே வந்து எனக்குச் சமாதானம் சொன்னார். ஆனால் அந்த ஒன்பது நாள் எனக்குத் தெரியும். அதைச் சாகும்வரை வைத்துக்கொண்டிருப்பேன். சொட்டு மருந்தை அவரே விட்டுக்கொண்டால் கன்னத்தில் விழுகிறது. இத்தனை வருஷம் வளைவிலும் மேட்டிலும் பஸ் ஓட்டிய கைக்கு ஒரு சொட்டு குறி தப்புகிறது. நான்தான் விடுகிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. இரண்டு வருஷத்துப் பேச்சு ஒரே நாளில் திரும்பி வராது. தீனி பற்றிப் பேசுகிறோம், மருந்து பற்றிப் பேசுகிறோம், மோட்டார் ஓடுகிறதா என்று பேசுகிறோம். அதற்குமேல் இருவருக்கும் வாய் வரவில்லை. பேசாமலே இருந்து பழகினால் பேச வேண்டிய விஷயங்களும் வற்றிவிடுகின்றன. நீயும் ரம்யாவும் இப்படி ஆகிவிடக் கூடாது. குழந்தை வந்தால் அதற்கு யார் எவ்வளவு கொடுத்தீர்கள், ஏன் குறைத்தீர்கள், ஏன் கூட்டினீர்கள் என்று ஒருத்தரை ஒருத்தர் கேளுங்கள். கேட்காமல் மனதுக்குள் ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு ஈடு செய்யக் கிளம்பாதீர்கள். யாராவது இருவர் பேசிக்கொள்ளாமல் இருந்தால் அவர்களுக்குத் தனித்தனியாகச் சேதி சொல்லும் வேலையையும் செய்யாதே. நீ எங்களுக்கு நல்லது என்று செய்தது, நாங்கள் வாயைத் திறக்காமல் காலம் தள்ள வசதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. பிரசவ நேரத்தில் மாமியார் இல்லை என்று ரம்யாவுக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம், பட்டுக்கொள்கிறேன். பேரப்பிள்ளையைக் கையில் வாங்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. எத்தனை ஆசை என்று எழுத ஆரம்பித்தால் மறுபடியும் அழுது உன்னை ஏமாற்றிவிடுவேன், அதனால் விட்டுவிடுகிறேன். அவரையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "கூப்பிடாத வூட்டுக்கு எப்படிப் போறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதனால் நீ அவரைக் கூப்பிடு. காலை ஆறரைக்கு. என்னைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். அப்பா, வாங்க என்று மட்டும் சொல். அவர் வந்தால் நானும் வருவேன், சொட்டு மருந்தோடு. கோழிகளை மஞ்சுளா பார்த்துக்கொள்வாள், அளவு சொல்லியாயிற்று. நீ கூப்பிடாவிட்டால் நாங்கள் இருவரும் இங்கேயே இருப்போம். அதற்கு உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது, உன்னை அவரிடமிருந்து விலக்கியது நான்தான்.

இந்தக் கடைசிப் பகுதியை எழுதும்போது உன் அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார். யாருக்கு என்று கேட்டார், பிரபுவுக்கு என்றேன். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன், பேச்சை நிறுத்தியது யார் என்று எழுதுகிறேன் என்று. அவர் தாளைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "அதெல்லாம் என்னாத்துக்கு எழுதற? அவனுக்கு ஒருத்தராவது நல்லவங்களா இருக்கட்டும்னுதான நான் சும்மா இருந்தேன்" என்றார். கவரை எடுத்து உன் முகவரியை எழுதினேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "குடு, பஸ் ஸ்டாண்டு பக்கந்தான் போறேன், நானே போஸ்ட் பண்ணிடறேன்" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை, அவர் போன பிறகு இதையும் சேர்த்து எழுதுகிறேன். அவரிடம் கொடுத்தால் இது உன் கைக்கு வந்து சேராது.

அம்மா